ஆர்மேனியா யாத்திரையும் நமது தொழிலும்

(ஆம்பூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கடிதம் எழுதியபோது, யாம் சிறிது தயங்கினோம். யாம் பெரிய கல்வி கற்றவரல்லோம். பாலாற்றங் கரையிலுள்ள தோல் பதனிடும் சாலைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தோம். முதலில் சுண்ணாம்புக் குழியிலும், பின்னர் மேஸ்திரியாகவும் காலங் கழித்தோம். எமக்குத் தெரிந்த கல்வி அவ்வளவே. ஆயினும், சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் யாம் ஆர்மேனியா என்னும் தேசத்திற்குச் சென்று பதினெட்டு நாள் தங்கித் திரும்பிய செய்தி உங்களனைவருக்கும் தெரியும். அதைப்பற்றி நம்மூரில் பலர் பலவாறாகப் பேசிக்கொண்டதும் எமக்குத் தெரியும். "அந்தப் பணத்தில் வீட்டிற்கு ஒரு மாடி எழுப்பியிருக்கலாமே" என்றனர் சிலர். "காசி, இராமேசுவரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று போனால் புண்ணியமாவது உண்டு, பெயர் தெரியாத தேசத்தில் இவருக்கு என்ன வேலை?" என்றனர் வேறு சிலர். இக்கேள்விக்கு விடை கூறுவதே இன்றையப் பிரசங்கம் என்று கொள்ளுங்கள்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்பும் அமிலமும் குரோம் நீரும் எம் கைகளை எவ்வாறு ஆக்கியிருக்கின்றன என்பதை இங்கு முன்வரிசையில் அமர்ந்திருப்போர் இருந்தபடியே காணலாம். உங்களிற் பலருடைய கைகளும் அவ்வாறே இருப்பதால் அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டு ஆண்டுகளாக மூச்சிரைப்பும் உறக்கமின்மையும் எம்மை வருத்தின. வேலூரில் எம்மைப் பரிசோதித்த வைத்தியர், "மருந்து பாதி, ஓய்வு பாதி, குளிர்ந்த சுத்தமான காற்றுள்ள இடத்தில் சில நாள் இருந்து வாருங்கள்" என்றார். ஏலகிரிக்குப் போகலாமென்று எண்ணியிருந்தோம். அச்சமயத்தில், ஆர்மேனியாவின் தலைநகராகிய ஏரெவானில் வைத்தியம் படிக்கும் எமது தங்கை மகள், "மாமா, இங்கே வந்து என்னோடு சில நாள் இருங்கள், மலையும் வெந்நீரூற்றும் உள்ள நாடு இது, உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்" என்று தொலைபேசியில் வற்புறுத்தினாள். அங்குள்ள அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கின்றனர். சீட்டுப் பணம் முதிர்ந்திருந்தது. ஆகவே துணிந்தோம்.

புறப்படுமுன் ஆர்மேனியர் என்பார் யாவர் என்று அறிந்துகொள்ள விரும்பினோம். அதற்கு விமானம் ஏறவேண்டுவதில்லை, நண்பர்களே. ஆம்பூரிலோ காட்பாடியிலோ காலை இரயிலேறினால் போதும். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு அருகில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒன்றுண்டு. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. 'ஆர்மேனியக்காரன் தெரு' என்பதே நம் ஜனங்களின் வாயில் அவ்வாறு திரிந்தது. அத்தெருவில் 1772 இல் கட்டிய ஆர்மேனியர் கோவில் இன்றும் நிற்கிறது. வெள்ளைச் சுவர்களும், ஆறு பெரிய மணிகள் தொங்கும் கோபுரமும், தரையெங்கும் பதித்த கல்லறைப் பலகைகளும் உடையது அது.

இவர்கள் நம் நாட்டை ஆள வந்தவரல்லர். வணிகம் செய்ய வந்தவர். பாரசீக அரசர் ஷா அப்பாஸ், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜூல்ஃபா என்னும் ஆர்மேனிய நகரத்தாரை வேரோடு பெயர்த்துக் கொண்டுபோய்த் தம் தலைநகரான இஸ்பகானுக்கு அருகில் குடியேற்றினார். ஊரை இழந்த அம்மக்கள் வணிகத்தால் உலகெங்கும் பரவினர், சென்னைக்கும் வந்தனர். அவர்களுள் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பவர் 1726 இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது தம் கைப்பொருளைக் கொண்டு பாலம் கட்டினார். இன்று மறைமலையடிகள் பாலம் உள்ள இடம் அதுவே. பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அவரே அமைத்தார்.

அக்கோவிலில் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார் ஒருவருடைய கல்லறை இருக்கிறது. அவர் 1794 இல் சென்னையிலிருந்து 'அஸ்தரார்' என்னும் மாதப் பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார். உலகில் ஆர்மேனிய மொழியில் தோன்றிய முதற் பத்திரிகை அதுவே. அவர்களுடைய சொந்த நாட்டிற்கூட அதற்குமுன் ஒன்று இருந்ததில்லை. 1796 வரை 18 இதழ்கள் வெளிவந்து அது நின்றுபோயிற்று. அதற்கு முன்னமே, ஷாஹமிர் ஷாஹமிரியன் என்னும் சென்னை வணிகர் அச்சுக்கூடம் ஒன்று ஏற்படுத்தி, ஆர்மேனியாவுக்கென்று ஓர் அரசியல் சட்டத்தை 521 விதிகளாக எழுதிப் புத்தகமாக்கினார். அதில் 1773 என்று ஆண்டு குறித்திருக்கிறது. அந்நாளில் ஆர்மேனியா என்று ஓர் அரசே கிடையாது! பாரசீகரும் துருக்கியரும் அந்நாட்டைப் பங்கிட்டு ஆண்டனர். இல்லாத அரசுக்குச் சட்டம் எழுதுகிறாரே என்று அக்காலத்தில் எத்தனை பேர் நகைத்திருப்பார்கள்! அவர்களுக்கு முதற் குடியரசு 1918 இல் வாய்த்தது. பின்னர் சோவியத் ஆட்சிக்கு உட்பட்டு, 1991 இல் மீண்டும் சுதந்தரம் அடைந்தனர். மாதப் பத்திரிகை ஒன்றை நடத்தச் சந்தா சேர்க்க முடியாமல் தவிக்கும் நம் சங்கத்தார், அரண்மனைக்காரத் தெருவிற்கு ஒருமுறை சென்று வருதல் நலம். சிறிய கூட்டம், சிறிய அச்சுக்கூடம், சிறிய பத்திரிகை என்று எதனையும் இகழலாகாது.

இனி யாத்திரைக்கு வருவோம். வளைகுடா நாட்டு வழியாக விமானத்தில் ஏரெவான் சேர்ந்தோம். செம்மையும் வெண்மையும் கலந்த ஒருவகை எரிமலைக் கல்லால் கட்டிய நகரம் அது. எங்கு நின்று பார்த்தாலும் பனி மூடிய அரராத் மலை தெரிகிறது. அம்மலையை அவர்கள் தம் தாயைப்போல் நேசிக்கின்றனர். ஆனால் அஃது இன்று துருக்கி நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. தினமும் கண்ணால் கண்டு, காலால் மிதிக்க முடியாத மலை. அதைப்பற்றி அவர்கள் பேசும்போது ஓலமிடுவதில்லை. "அதோ, நம் மலை" என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர்.

மூன்றாம் நாள், வாயோத்ஸ் ஜோர் மாகாணத்திலுள்ள ஜெர்முக் என்னும் மலையூருக்குச் சென்றோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அவர்கள் மொழியில் 'ஜெர்ம்' என்றால் வெப்பம் என்று பொருள். பூமிக்குள்ளிருந்து வெந்நீரும் உலோக உப்புக்கள் கலந்த நீரும் ஊறி வருகின்றன. தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபம் ஒன்றில் கற்சாடிகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடுள்ள நீர் விழும்படி செய்திருக்கிறார்கள். வருவோர் கிண்ணத்தில் பிடித்து மெல்ல மெல்லக் குடிக்கின்றனர். எமக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்லோம். அவ்வாறு சொல்வது பொய்யாகும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் இரவு முழுவதும் உறங்கினோம். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எம் மூக்கு மறந்துபோன ஒன்றை, அதாவது வாசனையற்ற காற்றை, அங்கே மீண்டும் அறிந்தோம்.

அவ்வூரில் எம் விடுதிக்கு அடுத்த வீட்டில் மூதாட்டி ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தரையில் பள்ளமாகப் புதைத்த மண்ணடுப்பு. அதன் பெயர் தோனிர். மாவை மெல்லிய துணிபோல் விரித்து, மெத்தைபோன்ற ஒரு பலகையில் இட்டு, அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டுகின்றனர். கண்மூடித் திறக்குமுன் வெந்துவிடுகிறது. லவாஷ் என்னும் இந்த ரொட்டியை 2014 இல் யுனெஸ்கோ சபையார் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றனர். அதைத் தனியாகச் சுடுவதில்லை; நாலைந்து ஸ்திரீகள் சுற்றியமர்ந்து பேசிக்கொண்டே சுடுகின்றனர். அம்மூதாட்டி எம்மை அழைத்து உட்காரவைத்து, ரொட்டியில் பாலாடைக்கட்டியும் கீரையும் சுருட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது எம் கைகளைப் பார்த்து, எமது தங்கை மகளிடம் ஏதோ கேட்டார். அவள் சிறிது தயங்கிப் பின் ஒரு சொல் சொன்னாள். எமக்கு அம்மொழி தெரியாது. ஆனால் அந்தத் தயக்கம் எமக்குத் தெரியும்.

இரவில் அவளைத் தனியே கேட்டோம். "அந்த அம்மாள் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய், பாப்பா?"

அவள் தலை குனிந்து, "உங்களுக்கு என்ன தொழில் என்று கேட்டார், மாமா. வியாபாரம் என்று சொன்னேன். விடுதியிலுள்ள பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றாள்.

சகோதரிகளே, எமக்குக் கோபம் வரவில்லை. எவ்வாறு வரும்? யாம் சிறுவனாயிருந்த காலத்தில் பள்ளிக்கூடமொன்றில், எம் சட்டையில் தோல் நாற்றம் வீசுகிறதென்று எம்மைச் சன்னலோரம் தனியே உட்கார வைத்தார்கள். அந்நாள் தொட்டு, வேற்றூருக்குப் போனால் யாமும் 'கம்பெனியில் வேலை' என்றே சொல்லிவந்திருக்கிறோம். யாம் கற்றுக்கொடுக்காமலே அக்குழந்தை எம்மிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இங்கு அமர்ந்திருப்போரில், மகளுக்கு வரன் பார்க்கும்போதும் மகனைக் கல்லூரியில் சேர்க்கும்போதும் 'தோல் ஷாப்பு' என்ற சொல்லை நாவில் வராமல் விழுங்காதவர் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. மனத்திற்குள் எண்ணிப் பார்த்தால் போதும்.

ஜெர்முக்கிலிருந்து திரும்பும் வழியில், அதே மாகாணத்திலுள்ள அரேனி என்னும் கிராமத்துக் குகையைப் பார்த்தோம். யாம் சொல்ல வந்த விஷயத்தின் மையம் இதுவே. 2008 இல் ஆராய்ச்சியாளர் அக்குகையைத் தோண்டியபோது, தியானா ஸர்தார்யான் என்னும் ஆர்மேனிய மாணவி, ஒரு குழிக்குள் உடைந்த பானையின் கீழே தோலாற் செய்த பாதரட்சை ஒன்றைக் கண்டெடுத்தார். அது கெடாமல் இருந்ததால், அறுநூறு எழுநூறு ஆண்டுப் பழமையுடையதாக இருக்கலாம் என்றே முதலில் கருதினர். பின்னர் சோதனைச் சாலைகளில் அதன் துணுக்குகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெளிவாயிற்று. 2010 இல் இச்செய்தியை உலகறிய வெளியிட்டனர். தோலாற் செய்து இதுகாறும் கிடைத்த பாதரட்சைகளில் இதுவே மிகப் பழமையானது. எகிப்தியர் பெரிய கூர்நுதிக் கோபுரத்தைக் கட்டுவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதைத் தைத்திருக்கிறார். குகை குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தமையாலும், மேலே ஆட்டுச் சாணம் கெட்டியாகப் படிந்து மூடியிருந்தமையாலும் அது அழியாது தப்பியது.

அப்பாதரட்சையை ஏரெவானில் குடியரசுச் சதுக்கத்திலுள்ள வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கின்றனர். அதைப் பார்க்க எம்முடன் தங்கை மகளும், அவளோடு படிக்கும் நம் நாட்டு மாணவியர் நால்வரும் வந்தனர். வலது காலுக்குரிய ஒற்றைச் செருப்பு. நீளம் 24.5 சென்டிமீட்டர். ஒரே துண்டு மாட்டுத்தோல். அடித்தோல் வேறு, மேல்தோல் வேறு என்று இல்லை. காலைச் சுற்றி மடித்து, பின்புறத்தில் 4 இணைத் துளைகளிலும் முன்புறத்தில் 15 இணைத் துளைகளிலும் தோல்வாரைக் கோத்து இறுக்கியிருக்கின்றனர். உள்ளே புல் திணித்திருந்தது. குளிருக்காகவோ, உரு மாறாமலிருக்கவோ அவ்வாறு செய்திருக்கலாம் என்கின்றனர்.

யாம் நெடுநேரம் அதன்முன் நின்றோம். இவ்வளவு மடிப்புக்கு இடங்கொடுக்கும் தோலை அப்படியே உரித்த தோலாகக் கொண்டு செய்ய முடியாதே, மயிரும் சதையும் போக்கி அதைப் பக்குவப்படுத்திய கை எத்தகையதோ என்று எண்ணினோம். துளைகளின் இடைவெளியைக் கண்ணால் அளந்தோம். தேய்ந்த இடத்தைப் பார்த்தால் அணிந்தவர் நடந்த நடையும் தெரிந்தது. தோலை விரயமாக்காமல் ஒரே வெட்டில் எடுத்திருக்கிறார். அவர் தேர்ந்த தொழிலாளி. அவர் பெயர் யாது, குலம் யாது, அவரை அவ்வூரார் எங்கே உட்கார வைத்தனர் என்பதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய வேலை மட்டும் நிற்கிறது. அரசாங்கமே அதற்குக் காவல் போட்டிருக்கிறது. தூர தேசத்து மக்கள் சீட்டு வாங்கி வந்து அதைப் பார்த்துப் போகின்றனர்.

அப்பொழுது மாணவியருள் ஒருத்தி, "இந்த மடிப்பு எப்படி நிற்கிறது?" என்று பொதுவாகக் கேட்டாள். எமது தங்கை மகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, "என் மாமாவைக் கேளுங்கள். அவர் தோல் பதனிடுபவர். எங்கள் தாத்தாவும் அதே தொழில்தான். அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை" என்றாள்.

யாம் விளக்கினோம். தோலை ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், மயிர் களைதல், சதை வழித்தல் என்று வரிசையாகச் சொன்னோம். எம் தந்தையார் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றுக் குழியில் வாரக்கணக்காகத் தோலைப் போட்டு மாற்றி மாற்றி எடுத்ததையும், கடுக்காய் நீரில் தோய்த்து எண்ணெய் தடவி உலர்த்தியதையும், நம் பக்கத்து ஆவாரஞ்செடிகள் அதற்கெனவே உரிபட்டதையும், அத்தோல்கள் கப்பலேறிச் சீமைக்குச் சென்றதையும் சொன்னோம். அரைமணி நேரம் ஆயிற்று. அப்பிள்ளைகள் நகரவில்லை. எம் வாழ்நாளில் எம் தொழிலைப்பற்றிப் பிறர் விரும்பிக் கேட்க யாம் பேசிய முதல் அரைமணி அது.

மறுநாள் மதேனதரான் என்னும் ஏட்டுச்சுவடி நிலையத்திற்குச் சென்றோம். மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி 405 ஆம் ஆண்டளவில் ஆர்மேனிய மொழிக்கு 36 எழுத்துக்களை வகுத்தார். அவ்வெழுத்தில் எழுதிய பல்லாயிரம் சுவடிகளைக் குன்றின்மேல் கோவில்போற் கட்டிய அந்நிலையத்தில் காக்கின்றனர். நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். அவர்களோ தோலில் எழுதினர். அத்தோலும் நம் தொழிலில் பாதி தூரம் வருவதே. சுண்ணாம்பில் ஊறி, மயிரும் சதையும் நீங்கியபின், பட்டைச்சாற்றில் இடாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக்கத்தியால் வழித்து வழித்து மெலிதாக்கி உலர்த்துவார்கள். உற்று நோக்கினால் ஏட்டின் ஒரு பக்கத்தில் மயிர்க்கண் தெரியும். மறுபக்கம் சற்று வெளுத்திருக்கும். கத்தி தவறிப் பட்ட இடம் துளையாக விரிந்திருந்தால், எழுதுவோர் அத்துளையைச் சுற்றி எழுதிச் சென்றிருப்பர்.

அங்குள்ளவற்றில் மிகப் பெரியது 'மூஷ் நகரத்துப் பிரசங்கத் திரட்டு' என்னும் சுவடி. 1200 முதல் 1202 வரை எழுதியது. 600க்கு மேற்பட்ட கன்றுத்தோல் ஏடுகள் கொண்டது. எடை ஏறக்குறைய 28 கிலோகிராம். அதன் அருகிலேயே 19 கிராம் எடையுள்ள சிறு சுவடி ஒன்றையும் வைத்திருக்கின்றனர். அப்பெரிய சுவடியைப் பகைவர் கவர்ந்து சென்றபோது, மூஷ் பக்கத்து ஜனங்கள் பணந்திரட்டிக் கொடுத்து மீட்டனராம். 1915 இல் ஆட்டோமன் துருக்கிய ஆட்சியில் ஆர்மேனிய மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்று, எஞ்சியோரைப் பாலைவனத்திற்குத் துரத்திய கொடுங்காலத்தில், இரண்டு ஸ்திரீகள் அச்சுவடியைக் கண்டெடுத்தனர். ஒருவராற் சுமக்க முடியாத பாரம். ஆகவே அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தனர். ஒருத்தி எச்மியாத்ஸின் மடம் வரை நடந்து தன் பாதியைச் சேர்ப்பித்தாள். மற்றொருத்தி வழியில் இறந்தாள். இறக்குமுன் அவள் புதைத்து வைத்த பாதி பின்னர் அகப்பட்டது. அங்குள்ளோர் சொல்லும் வரலாறு இது. உயிருக்கு ஓடுகிறவர்கள் பொன்னையோ பாத்திரத்தையோ எடுக்காமல் பதினான்கு கிலோ தோலேட்டைத் தோளில் ஏற்றினார்கள் என்றால், அவர்கள் தம் முன்னோரின் கைவேலையை எவ்வளவு பெரிதாக மதித்தார்கள்!

நண்பர்களே! இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "அது அவர்கள் பெருமை, நமக்கென்ன? அங்கே செருப்பைக் கண்ணாடியில் வைத்தார்கள் என்பதால் இங்கே நம்மை யார் மதிக்கப் போகிறார்கள்?" என்பீர்கள். நமக்கும் இழுக்கு என்பது இடையில் பிறர் சுமத்தியதேயன்றி ஆதியில் இருந்ததென்று கொள்ள இடமில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்தை வருணிக்குமிடத்தில், பொன் வேலை செய்வார், மண் வேலை செய்வார் முதலானோரோடு தோல் தைப்பாரையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்கிறது. முரசின்றி அரசனில்லை, தோலின்றி முரசில்லை. தீண்டாமையை 1950 ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் நம் மனத்திற்குள் நாமே நமக்கு விதித்துக்கொண்ட தீண்டாமையை எந்தச் சட்டமும் ஒழிக்க இயலாது.

மற்றொரு மறுப்பும் உண்டு, அது வலியது. "இத்தொழிலால் பாலாறு கெட்டது, கிணறு கெட்டது, இதில் பெருமை என்ன?" என்று வாலிபர் கேட்கின்றனர். உண்மையே. 1996 இல் சுப்ரீம் கோர்ட்டார் வேலூர்ப் பகுதித் தோல் சாலைகளைப்பற்றித் தீர்ப்பளித்தனர். 2025 ஜனவரியில் பாலாற்றைப்பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர் நிலையத்துச் சேற்றுத் தொட்டி இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். இவற்றை மறைக்க யாம் வரவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள். கையுறையின்றிக் குரோம் நீரில் கைவிட்டபோது யாம் ஏன் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை? அச்சம் ஒரு காரணம். வறுமை ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை யாம் ஆர்மேனியாவில்தான் உணர்ந்தோம். இஃது இழிந்த வேலை, இழிந்த வேலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று எமக்குள்ளேயே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. தன் தொழிலைக் குறித்து வெட்கப்படுபவன் அத்தொழிலில் தனக்குரியதைக் கேட்கமாட்டான், கையுறை கேட்கமாட்டான், ஓய்வு கேட்கமாட்டான், ஆற்றைக் கெடுக்காதே என்று முதலாளியிடம் சொல்லவுமாட்டான். எப்படியாவது பிள்ளைகள் தப்பினால் போதுமென்று மௌனமாயிருப்பான். தன் தொழிலை மதிப்பவனே அதைச் சுத்தமாக நடத்தவேண்டுமென்று வாதாடுவான். ஆகையால் பெருமை என்பது பேச்சுக்கு அலங்காரமன்று. அது நம் நுரையீரலுக்கும் ஆற்று நீருக்கும் சம்பந்தப்பட்டது.

எம் உடம்புக்கு ஜெர்முக் காற்று செய்த நன்மை சில மாதங்களில் குறைந்துவிட்டது. மூச்சிரைப்பு மீண்டும் தலைகாட்டுகிறது. கண்ணாடிப் பேழைக்கு முன் அடைந்த சுகமோ இன்னும் குறையவில்லை. அதற்காகவே இப்பணம் வீண்போகவில்லை என்கிறோம்.

எல்லோரும் ஆர்மேனியா செல்லவேண்டும் என்று யாம் சொல்லோம். சங்கத்தாருக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் தெரிவித்து முடிக்கிறோம்.

முதலாவது, ஆண்டுக்கொருமுறை நம் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அரண்மனைக்காரத் தெருக் கோவிலைக் காட்டி, பிறந்த ஊரை இழந்தவர் அங்கே அச்சடித்த பத்திரிகையின் கதையைச் சொல்லவேண்டும். 1948 இல் ஏற்பட்ட அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் அனுமதி பெற்றுக் காட்டவேண்டும். நம் தந்தையர் கையால் செய்ததைப் பெரும்படிப்புப் படித்தவர் அங்கே ஆராய்வதைப் பிள்ளைகள் காணட்டும்.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு பேழை வைக்கவேண்டும். சதை வழிக்கும் கத்தி, பழைய கூலிச் சீட்டு, புகைப்படம் முதலியன எந்த வீட்டிலிருந்தாலும் அவற்றை அங்கே சேர்க்கலாம். ஆவாரம்பட்டைக் குழியில் வேலை செய்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் சொல்வதை இப்பத்திரிகையில் மாதம் ஒருவராக எழுதி வெளியிடவேண்டும். நாளை என்று தள்ளினால் அவர்கள் இரார்.

மூன்றாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு வாரமேனும் ஓய்வெடுத்து வெளியூர் செல்லும்படி ஒரு சிறு சேமிப்பு நிதி ஏற்படுத்தவேண்டும். ஏலகிரியானாலும் சரியே. அதனுடன், தொழிலாளருக்குள்ள ஈ.எஸ்.ஐ. வைத்திய உரிமை யார் யாருக்கு இன்னும் கிட்டவில்லை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, சங்கம் தன் பெயரால் மனுச் செய்யவேண்டும்.

சென்ற வாரம் எமது தங்கை மகள் தொலைபேசியில் பேசினாள். மீண்டும் ஜெர்முக்கிற்குப் போயிருந்தாளாம். அம்மூதாட்டியைக் கண்டு, அன்று தான் சொன்னதைத் திருத்திச் சொன்னாளாம். உடனே அவர் எழுந்து உள்ளே சென்று, தம் பாட்டனார் தம் கையாலேயே மாட்டுத்தோலில் செய்து அணிந்த 'த்ரெக்' என்னும் பழைய பாதரட்சை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாராம். அதுவும் ஒரே துண்டுத் தோல். வார் கோத்துக் கட்டுவது. "உன் மாமா வந்திருந்தபோதே சொல்லியிருந்தால் அவரிடம் காட்டியிருப்பேனே" என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாராம்.

அக்குறை இனி நம்மால் ஒருவருக்கும் நேராதிருக்கட்டும்.